ஆங்கிலேயர் உரிமையிலிருந்து மாந்தர் உரிமைக்கு: அமெரிக்கக் குடியேற்றங்கள் தனி நாடான வரலாறு

பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில், கடலோரத்தில் கார்ன்வாலிஸ் கோட்டை நிற்கிறது. மாணவர்களை அங்கே அழைத்துச் சென்ற ஆசிரியர்கள் நம்மிடையே பலர் இருப்பர். நகரின் பெயர் பிரிட்டிஷ் மன்னர் மூன்றாம் ஜார்ஜைக் குறிக்கிறது. கோட்டையின் பெயர், பிரான்சிஸ் லைட் பினாங்கில் கால்வைத்த 1786ஆம் ஆண்டில் வங்காளத்தின் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்ற கார்ன்வாலிஸ் பிரபுவைக் குறிக்கிறது. இவ்விருவருக்கும் பொதுவான மற்றொரு செய்தியும் உண்டு. பிரிட்டன் அமெரிக்காவை இழந்தது மூன்றாம் ஜார்ஜின் ஆட்சியில்தான். அந்த இழப்பை உறுதிசெய்த யார்க்டவுன் முற்றுகையில், 1781ஆம் ஆண்டு அக்டோபர் 19 அன்று சரணடைந்ததும் கார்ன்வாலிஸின் படைதான்.

இவ்வாறு நம் மண்ணில் பெயர் பதித்தவர்களை எதிர்த்து விடுதலை பெற்றோர் யார்? அவர்கள் அயலார் அல்லர்; ஆங்கிலேயரின் வழித்தோன்றல்களே அவர்களுள் பெரும்பாலோர். தம்மை ஆங்கிலேயர் என்று கூறிக்கொள்வதில் பெருமை கொண்டிருந்த மக்கள், ஏறக்குறைய 170 ஆண்டுகளில் வேறொரு நாட்டினராக மாறியது எப்படி என்பதே இவ்வுரையின் பொருள். அவர்கள் தங்கள் உரிமையை எந்தச் சொற்களால் கேட்டனர் என்பதைத் தொடர்ந்து பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும்.

தொடக்கக் குடியேற்றங்கள்

1607ஆம் ஆண்டில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட ஆண்களும் சிறுவர்களும் குடியேறினர். அவர்களை அனுப்பியது ஒரு வணிக நிறுவனம். பொன் கிடைக்கும் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு நோயும் பசியுமே காத்திருந்தன. 1609ஆம் ஆண்டின் குளிர்காலப் பஞ்சத்தில் குடியேறிகளுள் பெரும்பாலோர் மாண்டனர். பின்னர் புகையிலைப் பயிரே அக்குடியேற்றத்தை நிலைபெறச் செய்தது. 1620இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பேர் வடக்கே பிளிமத்தில் குடியேறினர். இவர்களுள் பலர் சமயக் காரணங்களுக்காகத் தாய்நாட்டை விட்டு வந்தவர்கள். கரையில் குடியமரும் முன்னரே அவர்களுள் 41 ஆண்கள், தமக்கான சட்டங்களைத் தாமே இயற்றிக்கொள்வதாக ஓர் உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர்.

இங்கு நாம் கருத வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு. 1606ஆம் ஆண்டின் வர்ஜீனியா சாசனம், குடியேறுவோரும் அங்கே பிறக்கும் அவர்தம் மக்களும் இங்கிலாந்தில் பிறந்தவர்க்குரிய உரிமைகள் அனைத்தையும் பெறுவர் என்று வாக்களித்தது. அவ்வாக்குறுதிக்கு உருவம் கொடுத்தது 1619ஆம் ஆண்டு ஜூலையில் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் கூடிய பேராளர் மன்றம். அதே ஆண்டின் ஆகஸ்டு மாத இறுதியில், கடத்தி வரப்பட்ட இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்கள் அதே வர்ஜீனியாவில் விற்கப்பட்டனர். தன்னாட்சியும் அடிமைமுறையும் ஒரே மண்ணில், ஒரே கோடையில் வேரூன்றத் தொடங்கின. இம்முரண்பாட்டை இறுதிவரை நாம் மறத்தலாகாது.

1733இல் ஜார்ஜியா உருவானதோடு குடியேற்றங்களின் எண்ணிக்கை 13 ஆயிற்று. ஒவ்வொன்றுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம் இருந்தது. உள்ளூர் வரியை விதித்தது அம்மன்றமே. பல இடங்களில் ஆளுநரின் ஊதியமும் அதன் கையில் இருந்தது. அட்லாண்டிக் கடலைக் கப்பல் கடக்க வாரக்கணக்கில் ஆகும் காலத்தில், லண்டனின் பிடியும் தளர்ந்தே இருந்தது. தன்னாட்சி அவர்களுக்குக் கோரிக்கையாக இருக்கவில்லை. பல தலைமுறைகளின் பழக்கமாகவே ஆகியிருந்தது.

வரியும் வாதமும்

1763இல் பிரான்சுடனான ஏழாண்டுப் போர் பிரிட்டனின் வெற்றியில் முடிந்தது. வெற்றியோடு பெருங்கடனும் வந்தது. அமெரிக்காவில் நிறுத்திய படைகளின் செலவில் ஒரு பகுதியைக் குடியேறிகளே ஏற்க வேண்டும் என்று லண்டன் கருதியது. 1765இல் நாளிதழ், நீதிமன்றப் பத்திரம் முதல் சீட்டுக்கட்டு வரை முத்திரை வரி விதிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் ஒன்பது குடியேற்றங்களின் பேராளர்கள் நியூயார்க்கில் கூடி அதனை மறுத்தனர். தம் பேராளர் இல்லாத நாடாளுமன்றம் தமக்கு வரி விதித்தல், ஆங்கிலேயர் என்ற முறையில் தமக்குரிய உரிமைக்கு முரண் என்பதே அவர்தம் வாதம். அவர்கள் பிரிவினை கேட்கவில்லை. மன்னரின் குடிமக்களாக முழுமையாக நடத்தப்படுவதையே கேட்டனர்.

மறு ஆண்டே அவ்வரி நீக்கப்பட்டது. ஆயினும் எல்லா வகையிலும் குடியேற்றங்களுக்குச் சட்டமியற்றும் அதிகாரம் தனக்கு உண்டு என்று நாடாளுமன்றம் உடனே அறிவித்துக்கொண்டது. பூசல் தீரவில்லை.

1773ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டத்தை மாணவர்கள் பலர் தவறாகப் புரிந்துகொள்கின்றனர். அச்சட்டம் தேயிலையின் விலையை உயர்த்தவில்லை, குறைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளில் சீனத் தேயிலை தேங்கிக் கிடந்தது. கம்பெனியை நெருக்கடியிலிருந்து காப்பாற்ற, அமெரிக்காவில் நேரடியாக விற்க அதற்கு வழி செய்யப்பட்டது. ஆனால் பழைய தேயிலை வரி நீடித்தது. மலிவான தேநீரைப் பருகினால் நாடாளுமன்றத்தின் வரி உரிமையையும் சேர்த்து விழுங்கியதாகும் என்று குடியேறிகள் கருதினர். இறக்குமதி வணிகர்களின் பிழைப்பும் கெடவிருந்தது. டிசம்பர் 16 இரவில், பாஸ்டன் துறைமுகத்தில் 342 தேயிலைப் பெட்டிகள் கடலில் கொட்டப்பட்டன. பதிலுக்கு லண்டன் அத்துறைமுகத்தை மூடியது. மாசசூசெட்ஸின் தன்னாட்சியையும் சுருக்கியது.

சொல் மாறிய தருணம்

1774ஆம் ஆண்டு செப்டம்பரில், ஜார்ஜியா நீங்கலாகப் பன்னிரண்டு குடியேற்றங்களின் பேராளர்கள் பிலடெல்பியாவில் கூடினர். அவர்கள் இயற்றிய தீர்மானத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. தம் உரிமைகளுக்கு ஆதாரமாக ஆங்கில அரசியலமைப்பையும் சாசனங்களையும் மட்டுமன்றி, இயற்கையின் சட்டத்தையும் அவர்கள் சுட்டினர். 1775 ஏப்ரலில் லெக்சிங்டனில் துப்பாக்கிகள் வெடித்தன. அதன் பின்னரும் ஜூலையில் மன்னருக்கு ஒரு சமாதான விண்ணப்பம் சென்றது. மன்னரோ குடியேறிகளைக் கலகக்காரர் என்று அறிவித்தார். 1776 ஜனவரியில் தாமஸ் பெயின் வெளியிட்ட சிறுநூல், முடியாட்சியையே எளிய நடையில் கேள்விக்குள்ளாக்கியது.

ஆங்கிலேயர் என்ற முறையில் கேட்ட உரிமை மறுக்கப்பட்டபின், அந்த வாதத்துக்கு இனி இடமில்லை. எனவேதான் ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட விடுதலைப் பிரகடனம், மாந்தர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்ற கொள்கையின்மேல் நின்றது. வழக்கு ஓர் இனத்தின் மரபுரிமையிலிருந்து மனித குலத்தின் பொதுவுரிமைக்கு நகர்ந்தது.

1777இல் சரடோகாவில் கிடைத்த வெற்றி பிரான்சை அமெரிக்கர் பக்கம் சேர்த்தது. 1783இல் பாரிஸ் உடன்படிக்கை விடுதலையை உறுதிசெய்தது. ஆயினும் அன்று இருந்தவை 13 மாநிலங்களின் தளர்ந்த கூட்டணியே. நடுவண் அரசுக்கு வரி விதிக்கும் அதிகாரம்கூட இல்லை. 1787இல் இயற்றப்பட்ட அரசியலமைப்பே அவற்றை ஓர் அரசாக இணைத்தது. 1789 ஏப்ரலில் ஜார்ஜ் வாஷிங்டன் முதல் அதிபராகப் பதவியேற்றார்.

விடுபட்டோர்

அந்த அரசியலமைப்பு ‘மக்களாகிய நாம்’ என்று தன்னைத் தொடங்குகிறது. அந்த ‘நாம்’ யாரை உள்ளடக்கியது? 1790ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கின்படி, ஏறத்தாழ 39 இலட்சம் பேருள் கிட்டத்தட்ட 7 இலட்சம் பேர் அடிமைகள். பிரகடனத்தின் வரைவில் ஜெபர்சன் அடிமை வணிகத்தைக் கண்டித்து எழுதிய பகுதியைப் பேராளர்கள் நீக்கினர். எழுதிய ஜெபர்சனும் அடிமைகளை உடையவரே. போரின்போது விடுதலை நாடி பிரிட்டிஷ் படையிடம் ஓடிய அடிமைகள் பல்லாயிரவர். பாரிஸ் உடன்படிக்கை மிசிசிப்பி ஆறு வரையிலான நிலத்தைப் புதிய நாட்டுக்கு அளித்தது. அந்நிலத்தில் வாழ்ந்த பூர்வகுடியினரை யாரும் கலந்தாலோசிக்கவில்லை. பெண்களுக்கு வாக்குரிமையை நாடு முழுவதும் உறுதிசெய்த திருத்தம் 1920இல்தான் வந்தது.

எனினும், பொதுவாகச் சொல்லிவிட்ட சொல்லை மீண்டும் சிலருக்கென்று சுருக்குதல் எளிதன்று. 1777ஆம் ஆண்டிலேயே பாஸ்டனில் பிரின்ஸ் ஹால் உள்ளிட்ட கறுப்பினத்தவர், இயற்கை உரிமை என்ற அதே வாதத்தை எடுத்து, அடிமைகளின் விடுதலைக்காக மாசசூசெட்ஸ் மன்றத்திடம் மனு அளித்தனர். 1848இல் செனெகா ஃபால்ஸில் கூடிய பெண்கள், விடுதலைப் பிரகடனத்தின் அமைப்பையே பின்பற்றித் தங்கள் அறிக்கையை எழுதினர். 1852இல் பிரடெரிக் டக்ளஸ், ஜூலை 4 அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று மேடையில் வினவினார். அடிமைமுறை 1865இல் சட்டப்படி ஒழிந்தது. இவர்கள் கையாண்டது, 1776இல் தங்களை விலக்கி வைத்த அதே வாசகத்தைத்தான்.

ஆகவே இப்பாடத்தை வகுப்பில் நடத்தும்போது, போர்களின் வரிசையோடு நிறுத்திவிடாமல், 1765, 1774, 1776 ஆகிய மூன்று ஆண்டுகளின் வாதங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கச் செய்வோம். ஓர் உரிமைக் கோரிக்கையில் ‘நாம்’ என்னும் சொல் யாரைச் சேர்க்கிறது, யாரை விடுகிறது என்று கேட்கப் பழகிய மாணவர், எந்த நாட்டு வரலாற்றையும், தம் நாட்டு வரலாற்றையும், தெளிந்த கண்ணோடு படிப்பார்.