சிறப்புப்பாயிரம் முதல் அணிந்துரை வரை: தமிழில் பாராட்டுரையின் வரலாறும் மொழியும்

0. முன்னுரை

பிறர் இயற்றிய கதையையோ கவிதையையோ படித்து, இயற்றியவர் மேலும் எழுதுமாறு கருத்துரைப்பது ஒரு மொழிச்செயல். தமிழில் இச்செயலுக்கு நெடிய வரலாறும், அதனை நெறிப்படுத்தும் இலக்கணமும் உண்டு. எனினும், பழந்தமிழ் மரபு புகழ்ச்சி மரபே என்றும், நூலை ஆராய்ந்து கூறும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது என்றும் கருதுவோர் உளர். பாராட்டும் ஆய்வும் ஒன்றற்கொன்று பகை என்னும் எண்ணமே இக்கருத்துக்கு அடிப்படை. பழைய பாராட்டுரை ஆய்வின் முடிவாகவே அமைந்தது என்பதையும், பின்னர் அவ்விரண்டும் பிரிந்த வரலாற்றையும், இன்று அவற்றை மீண்டும் இணைக்கத் தமிழின் சொல்லமைப்பு தரும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பாயிர இலக்கணம்

பவணந்தி முனிவரின் நன்னூல் பாயிரத்தைப் பொது, சிறப்பு என இரண்டாக வகுக்கிறது. சிறப்புப்பாயிரம் கூற வேண்டியவையாக எட்டுச் செய்திகளை அது வரையறுக்கிறது. ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என்பன அவை. காலம், களன், காரணம் என்னும் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று எனக் கொள்வாரும் உளர். இப்பட்டியலில் ‘புகழ்’ என ஓர் உறுப்புத் தனியே இல்லை என்பது கருதத்தக்கது. நூலை உள்ளவாறு எடுத்துரைத்தலே அதற்குச் செய்யும் சிறப்பு என்பது இதன் உட்கிடை.

யார் உரைக்கலாம் என்பதற்கும் வரையறை உண்டு. நூலாசிரியனின் ஆசிரியன், அவனொடு கற்றவன், அவன் மாணாக்கன், தகுதி வாய்ந்த உரைகாரன் ஆகிய நால்வரையே நன்னூல் சுட்டுகிறது. நால்வரும் நூலையோ நூலாசிரியனையோ நெருங்கி அறிந்தவர்கள். தற்புகழ்ச்சி தகாது என விலக்கி, அதற்கு விதிவிலக்கான இடங்களையும் நன்னூல் அடுத்துக் கூறுகிறது. ஆகவே, பிறர் வாயால் வரும் பாராட்டு நூலாசிரியனுக்குத் தேவையானது என்பதையும், அதனைக் கூறுவோர்க்குப் பொறுப்பு உண்டு என்பதையும் இலக்கணம் ஒருங்கே ஏற்றுக்கொள்கிறது.

நூலுக்குரிய குற்றங்கள் பத்து, அழகுகள் பத்து என எண்ணிக்கையில் சமன் செய்து கூறியிருப்பதும் நோக்கத்தக்கது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் முதலியன ஒருபுறமும், சுருங்கச் சொல்லல், விளங்க வைத்தல் முதலியன மறுபுறமும் நிற்கின்றன. குறை கூறுவதற்கு மட்டுமன்றி நிறை கூறுவதற்கும் கலைச்சொற்கள் வேண்டும் என்னும் தெளிவு இதில் புலப்படுகிறது.

2. அவையும் கேட்போனும்

தொல்காப்பியத்திற்குப் பனம்பாரனார் இயற்றிய சிறப்புப்பாயிரம் மேற்கூறிய நெறிக்கு முன்னோடியாகும். நில எல்லை, நூலுக்கு அடிப்படையான வழக்கும் செய்யுளும், நூல் அரங்கேறிய பாண்டியன் அவை ஆகியவற்றை அது தெரிவிக்கிறது. புகழும் அடைகள் சிலவே. அதங்கோட்டாசானுக்குக் குற்றமறத் தெரித்துக் காட்டிய பின்னரே நூல் வெளிப்பட்டது எனவும் அப்பாயிரம் பதிவு செய்கிறது. முதலில் செவிமடுத்தல், பின்னர் ஐயம் தீர்த்தல், அதன்பின் ஏற்பு என்பது வரிசைமுறை. பாராட்டு இவ்வரிசையின் இறுதியில் வருவது.

இறையனார் களவியல் உரை கூறும் கதை இதனினும் நுட்பமானது. நூலுக்குப் பலர் உரை கண்டபோது, அவற்றுள் மெய்யுரை எது எனத் தேர்வதற்கு உருத்திரசன்மன் என்னும் ஊமைச் சிறுவன் அமர்த்தப்படுகிறான். மருதன் இளநாகனாரின் உரைக்கு அவன் சில இடங்களில் மட்டும் மெய்ம்மயிர் சிலிர்க்கிறான். நக்கீரனாரின் உரைக்கோ சொல்தோறும் கண்ணீர் வடிக்கிறான். இக்கதையை வரலாறாகக் கொள்ள இயலாது. ஆயினும், கருத்துரை பற்றி அக்காலத்தார் கொண்டிருந்த கொள்கைக்கு இது சான்றாகும். சிறுவன் தீர்ப்பு எதனையும் கூறவில்லை. எந்த இடம் தன்னைத் தொட்டது என்பதை மட்டும் காட்டினான். படைப்பாளிக்குப் பயன்படுவது இடம் சுட்டும் இத்தகைய எதிர்வினையே.

3. ஒறுக்கும் மரபு

எதிர்மரபும் இருந்தது. போலிப் புலவர்களைக் குட்டுவதற்குப் பிள்ளைப்பாண்டியனும், செவி அறுப்பதற்கு வில்லிபுத்தூராரும், தலை வெட்டுவதற்கு ஒட்டக்கூத்தரும் இன்று இல்லையே என இரங்கும் தனிப்பாடல் ஒன்று படிக்காசுப் புலவர் பெயரில் வழங்குகிறது. ‘குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும்’ என்னும் பழமொழியிலும் இம்மனப்பான்மையின் சாயல் உண்டு. எனினும், பழமொழி கையின் தகுதியை வலியுறுத்துகிறதே அன்றிக் குட்டின் வலிமையை அன்று. தகுதியுடையார் கவனித்தலே ஒரு மதிப்பு என்பதுதான் அதன் பொருள்.

4. அச்சு வந்த பின்

1835இல் அச்சகத்தின் மீதிருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் நூற்பதிப்புப் பெருகியது. சிறப்புப்பாயிரமும் சாற்றுகவியும் அச்சு நூலின் முகப்பில் இடம்பெற்றன. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இத்தகைய பாடல்கள் பலவற்றைப் பிறர் நூல்களுக்கு வழங்கினார். இங்கு ஒரு மாற்றம் நேர்ந்தது. அரங்கேற்றத்தில் கேட்போரும் நூலாசிரியரும் ஒரே இடத்தில் இருந்தனர். அச்சு நூலிலோ பாராட்டுரை நூலாசிரியரை விடுத்து, முகம் அறியா வாசகரை நோக்கித் திரும்பியது. ஊக்குவிக்கும் உரையாக இருந்தது பரிந்துரையாக மாறியது. நன்னூல் பாயிரத்திற்குக் கூறும் பெயர்களுள் அணிந்துரை, புனைந்துரை ஆகியனவும் உண்டு. இவற்றுள் ‘அணிந்துரை’ இன்றும் வழக்கில் உள்ளது. ஆனால் கேட்டல், ஐயம் தீர்த்தல் ஆகிய முற்படிகள் அதற்குக் கட்டாயம் அல்ல. நூலைப் படியாமலே எழுதத்தக்க ஓர் உரைவகை இவ்வாறு தோன்றியது.

5. இருபதாம் நூற்றாண்டு

பிரிந்த இரண்டையும் இணைக்கும் முயற்சிகள் இந்நூற்றாண்டில் நிகழ்ந்தன. திருநெல்வேலியில் டி. கே. சிதம்பரநாத முதலியார் நடத்திய வட்டத்தொட்டி, கவிதையை வாய்விட்டுப் படித்துச் சுவைக்கும் கூட்டமாகும். அவருடைய கடிதங்கள் நண்பர்களின் எழுத்துக்கு ஊக்கம் தந்தன. ஆயினும், கம்பர் பாடல்களில் தம் சுவைக்கு ஒவ்வாதனவற்றை இடைச்செருகல் என நீக்கியும் சொற்களைத் திருத்தியும் அவர் பதிப்பித்தது கடும் மறுப்புக்கு உள்ளாயிற்று. சுவைப்பவரின் உவகை படைப்பாளியின் உரிமையை மீறக்கூடும் என்பதற்கு இது சான்று.

சி. சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ வேறு வழியில் சென்றது. புதுக்கவிதை ஏளனத்திற்கு ஆளான காலத்தில் அவ்விதழ் அதனைத் தொடர்ந்து வெளியிட்டது. அதனைப் பற்றிய விவாதத்திற்கும் இடம் தந்தது. 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகள் ‘புதுக்குரல்கள்’ எனத் தொகுதியாயின. புகழுரைகளினும் இவ்வாறு தொடர்ந்து இடமளித்தலே புதியவர்க்குப் பெரிய ஊக்கமாயிற்று. சென்னையில் 1970இல் தோன்றிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, மாதந்தோறும் இதழ்களில் வந்த சிறுகதைகளை ஒருவர் படித்து மதிப்பிட்டுக் கூட்டத்தில் பேசி ஒன்றைத் தேர்வது என்னும் முறையைக் கொண்டது. அவையில் காரணம் கூறித் தேர்தல் என்பதில் பழைய அரங்கேற்ற முறையின் சாயலைக் காணலாம்.

6. ஊக்கவுரையின் மொழியமைப்பு

மேற்கண்ட வரலாற்றின் பயனை மொழிநிலையில் மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது, இடம் சுட்டல். ‘இக்கவிதை மிக நன்று’ என்பது எக்கவிதைக்கும் பொருந்தும். ‘மழை நின்ற பின்னும் கூரை சொட்டுவதைக் காட்டும் அடி நன்று’ என்பது அக்கவிதைக்கு மட்டுமே பொருந்தும். பின்னதே படித்ததற்குச் சான்றாகிறது.

இரண்டாவது, தொடர் வரிசை. ‘உரையாடல் உயிரோட்டமாக உள்ளது, ஆனால் முடிவு வலுவற்றது’ என்னும்போது முற்கூறிய பாராட்டு வெறும் முகமனாகி விடுகிறது. ‘முடிவு இன்னும் வலுப்பெற வேண்டும், எனினும் உரையாடல் உயிரோட்டமாக உள்ளது’ என வரிசையை மாற்றினால் செய்தி குறையவில்லை, கேட்பவர் மனத்தில் இறுதியாக நிற்பது மட்டும் மாறுகிறது.

மூன்றாவது, வினைவடிவம். ‘மாற்று’ என்னும் ஏவல், ‘மாற்றுக’ என்னும் வியங்கோள், ‘மாற்ற வேண்டும்’, ‘மாற்றலாம்’, ‘மாற்றிப் பார்க்கலாம்’ என்பன ஒரே கருத்தின் வெவ்வேறு படிநிலைகள். இறுதி வடிவில் ‘பார்’ என்னும் துணைவினை முயன்று பார்த்தலைக் குறிக்கிறது. பொருந்தாவிடில் பழைய வடிவுக்கே மீளலாம் என்னும் உரிமை படைப்பாளியிடம் எஞ்சுகிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பதிப்பாசிரியர் குறிப்புகளைத் தமிழாக்குவோர் அனைத்தையும் ‘வேண்டும்’ என்றே முடிப்பதுண்டு. அதனால் மூலத்தில் ஆலோசனையாக இருந்தது தமிழில் கட்டளையாகி விடுகிறது.

7. முடிவுரை

தமிழ்வழிக் கல்வி கிட்டாத இடங்களில் இச்சிக்கல் கூர்மை பெறுகிறது. 1806இல் படைவீடாக உருவான சிகந்தராபாத்தையும், அதனை அடுத்த லோத்குண்டா போன்ற பகுதிகளையும் எடுத்துக்கொள்வோம். தெலுங்கும் உருதும் இந்தியும் ஆங்கிலமும் சூழ வளரும் தமிழ்ப் பிள்ளை தமிழில் ஒரு கவிதை எழுதினால், அதனைப் படிக்கக்கூடியவர் வீட்டில் ஒருவரோ இருவரோதான். அவர் சந்திப்பிழையை மட்டும் சுட்டினால் அடுத்த கவிதை பிறவாது போகலாம்; படியாமலே புகழ்ந்தாலும் அப்பிள்ளை அதனை உணர்ந்துவிடும். அங்கே அந்த ஒருவரே அதங்கோட்டாசான். அவரே உருத்திரசன்மனும் ஆவார். முழுவதும் கேட்டு, தொட்ட இடத்தைக் காட்டி, திருத்தத்தை எழுதியவரின் விருப்பத்திற்கு விடுதல் என்னும் நெறி, புலவர் அவைக்குப் பொருந்தியது போலவே அவ்வீட்டுத் திண்ணைக்கும் பொருந்தும்.