யாருக்கான உயரம்? சேர்வராயன் மலையும் தொலைத்தொடர்பு வரலாறும்

தமிழகத் தொலைத்தொடர்பு வரலாறு பெரும்பாலும் கம்பியின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1882இல் சென்னையில் திறந்த தொலைபேசி நிலையம், நகரங்களை இணைத்த டிரங்க் தடங்கள், கர்நாடகத்தின் கித்தூரில் 1986இல் இயங்கத் தொடங்கிய சி-டாட்டின் 128 முனை ஊரக எக்ஸ்சேஞ்ச் என்று நீளும் அந்த வரிசையில் மலையூருக்குக் கடைசி இடம்தான். சேர்வராயன் மலைமேல் இருக்கும் ஏற்காட்டை முன்வைத்துப் பார்த்தால் இந்தச் சித்திரம் பாதிதான் சரி. கம்பிக்குக் கடைக்கோடியாக இருந்த மலை ஒலிபரப்புக்கு நடுவிடமானது. செல்பேசி வந்ததும் மறுபடி ஓரத்துக்குப் போனது. இத்தனைக்கும் மலை ஓர் அடிகூட ஏறவோ இறங்கவோ இல்லை. உயரம் இயற்கையின் கொடை என்றாலும் அதற்கு மதிப்புப் போடுவது அந்தந்தக் காலத்துத் தொழில்நுட்பமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கணக்கு. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,515 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்துச் சேலம் 280 மீட்டர் அளவில். இடைவெளி 1,200 மீட்டருக்குச் சற்று மேல். பண்பலை, தொலைக்காட்சி அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்பவை. காற்று மண்டலம் சிறிது வளைப்பதால் கண்ணுக்கு எட்டும் அடிவானத்தையும் கொஞ்சம் தாண்டும். மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அவை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும் என்பது பொறியாளர்களின் கைவாய்பாடு. 1,200 மீட்டருக்கு 140 கிலோமீட்டருக்கும் மேல் வருகிறது. ஈரோடு, நாமக்கல், கரூர் மூன்றும் அந்த வட்டத்துக்குள் அடங்கும். கொல்லிமலை குறுக்கே நிற்கும் பக்கங்களில் மட்டும் வாய்பாடு பொய்த்துப்போகும்.

மலையில்லாத ராமேஸ்வரத்தில் இதே வசதிக்காக 323 மீட்டர் தொலைக்காட்சிக் கோபுரம் எழுப்ப வேண்டியிருந்தது. அவ்வளவு இரும்பும் கான்கிரீட்டும் வாங்கித் தந்த அடிவானம் 74 கிலோமீட்டர். ஏற்காட்டில் அதைப் போல இருமடங்கு சும்மா கிடக்கிறது. இலங்கையின் ரூபவாஹினி 2,524 மீட்டர் உயரப் பிதுருதலாகலை உச்சியை நாடியதற்கும், கொடைக்கானலிலிருந்து வரும் கோடைப் பண்பலை மதுரை, தேனி வீடுகளில் தெளிவாகக் கேட்பதற்கும் இதுவே காரணம். ஏற்காட்டிலும் அகில இந்திய வானொலியின் பண்பலைக் கோபுரம் நிற்கிறது. ஆனால் இதன் பயனாளர்களில் மிகப் பெரும்பாலோர் கீழே இருப்பவர்கள். மலை தந்தது இடம், கேட்டது சமவெளி.

செல்பேசி இந்தக் கணக்கைத் தலைகீழாக்கியது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவில் இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு நடந்தபோது கூடவே ஒரு புதிய விதியும் வந்தது. ஜிஎஸ்எம் முறையில் ஒவ்வொரு கருவியும் தனக்கென ஒதுக்கிய நுண்ணிய நேரக்கூறுக்குள் பேச வேண்டும். தொலைவில் இருக்கும் கருவி சற்று முன்கூட்டியே அனுப்பும்படி கோபுரம் திருத்தம் சொல்லும். அந்தத் திருத்தத்துக்கு 63 படிகள்தான், படிக்குச் சுமார் 550 மீட்டர். ஆகவே 35 கிலோமீட்டருக்கு அப்பால் சிக்னல் எவ்வளவு வலுவாக வந்தாலும் சாதாரண அமைப்பில் அழைப்பு நிலைக்காது. அதோடு, ஒரே அலைவரிசையைச் சற்றுத் தள்ளியுள்ள வட்டங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதில்தான் செல்பேசியின் சிக்கனமே இருக்கிறது. 140 கிலோமீட்டர் பார்க்கும் கோபுரம் அங்கே இடைஞ்சல். ஒலிபரப்பு தேடி ஏறிய உயரத்தைச் செல்பேசிப் பொறியாளர் ஆன்டெனாவைக் கீழ்நோக்கிச் சாய்த்து அடக்கப் பார்க்கிறார்.

மலைக்குள்ளே குடியிருப்பவர்களின் நிலை வேறு. நாகலூர், வெள்ளக்கடை, மாரமங்கலம் போன்ற ஊராட்சிகளின் குடியிருப்புகள் மடிப்புகளிலும் சரிவுகளிலும் சிதறிக் கிடப்பவை. ஒரு முகடு குறுக்கிட்டால் போதும், மறுபுறம் ரேடியோ நிழல். ஆளும் வருமானமும் குறைந்த இடத்தில் கோபுரம் கட்டுப்படியாகாது, உயரத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் காசு அரசுடையதாக இருந்தபோதும் கதை பெரிதாக மாறவில்லை. ஊரகப் பொதுத் தொலைபேசிகளுக்காக நாடெங்கும் வைத்த 'மார்' ரேடியோ அமைப்புகள் பழுதுக்குப் பேர்போனவை. பின்னர் அனைவருக்குமான சேவை நிதியிலிருந்து அவற்றில் இயங்கிய 1.8 லட்சத்துக்கும் அதிகமான தொலைபேசிகளை மாற்ற வேண்டியதாயிற்று. பழுதுபார்க்க ஆள் ஏறிவர நாளாகும் மலையில் பற்றாக்குறை பணத்தோடு முடிவதில்லை.

முதல் செல்பேசி அழைப்புக்கு 27 ஆண்டுகள் கழித்து, 2022 ஜூலையில், 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு ஒன்றிய அமைச்சரவை 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. தொகை பெரிது. என் ஐயம் கணக்கின் அலகைப் பற்றியது. ஊர் நடுவில் சிக்னல் கிடைத்ததும் கிராமம் முழுவதையும் 'எட்டியாயிற்று' பட்டியலில் சேர்த்தால், முகட்டுக்கு அந்தப்புறம் உள்ள பத்து வீடுகள் எந்தப் பட்டியலிலும் வரா. சமவெளியில் இந்தப் பிழை சிறிது. சேர்வராயனில் அதுவே நிலவரம்.

இந்த நிழல்களைக் கணக்கிடுவது இன்று கடினமில்லை. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் திரட்டிய நில உயரத் தரவு 30 மீட்டர் கட்டங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. கோபுரங்களின் இடமும் உயரமும் தெரிந்தால் எந்தக் குடியிருப்பு எந்த முகட்டின் மறைவில் இருக்கிறது என்பதை ஒரு மடிக்கணினியே சொல்லிவிடும். காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் ஈர இலைகள் ஐப்பசி மழையில் எவ்வளவு அலையை விழுங்கும் என்பதை அது சொல்லாது. அதற்குக் கருவியோடு ஒருவர் தோட்டம் தோட்டமாக நடந்து அளக்க வேண்டும்.