கணையப் புற்றுக்கட்டியின் இரத்த ஊட்டம்

கணையப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை கணைய நாளப் புற்று என்ற வகையைச் சேர்ந்தவை. நோயாளியின் கையில் சாயமருந்து ஏற்றி, ஏறக்குறைய 40 விநாடி கழித்து சி.டி. ஸ்கேன் எடுத்தால் கணையம் பளிச்சென்று தெரியும். கட்டி இருக்கும் இடம் மட்டும் மங்கிய திட்டாகக் கிடக்கும். சாயம் இரத்தத்தோடுதான் போகிறது, ஆகவே அந்த இடத்துக்கு இரத்தம் குறைவாகவே போய்ச் சேர்கிறது. புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளாமல் எந்தக் கட்டியும் சில மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று ஜூடா ஃபோக்மன் 1971-இல் முன்வைத்த கருத்து பல புற்றுகளுக்குப் பொருந்தியது. கணைய நாளப் புற்றோ, குழாய்களைப் பெருக்கிக்கொள்வதைவிட, கிடைக்கும் சொற்ப இரத்தத்தைக் கொண்டு பிழைக்கும் வித்தையால்தான் வளர்கிறது.

இந்தப் பற்றாக்குறைக்குக் கட்டியின் அமைப்பே காரணம். அதன் பருமனில் பெரும்பங்கு புற்றுச் செல்கள் அல்ல. கொலாஜனும் ஹயலுரோனிக் அமிலமும் நார்ச் செல்களும் சேர்ந்து இறுகிய திசு. உள்ளே ஏறும் அழுத்தத்தில் நுண்குழாய்கள் நசுங்கிவிடுகின்றன, திறந்திருப்பவையும் கசிகின்றன. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், அறுவை சிகிச்சையின்போது 7 நோயாளிகளின் கட்டிகளில் மின்முனையைச் செருகி அளந்தபோது, ஆக்சிஜன் அழுத்தத்தின் இடைநிலை அளவு எவருக்கும் 6 மி.மீ. பாதரசத்தைத் தாண்டவில்லை. இவ்வளவு வறட்சியில் செல் எதைத் தின்கிறது? இந்தக் கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவற்றில் கேராஸ் மரபணு திரிந்திருக்கிறது. அந்தத் திரிபு செல்லின் மேற்சவ்வை மடிப்பு மடிப்பாக எழச்செய்து, சுற்றியுள்ள திரவத்தை வாய்வாயாக விழுங்க வைக்கிறது. அதோடு உள்ளே போகும் அல்புமின் புரதம், செல்லின் செரிமானப் பைகளான லைசோசோம்களில் அமினோ அமிலங்களாக உடைகிறது என்பதை 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. நார்த் திசுவை உண்டாக்கும், பக்கத்திலுள்ள விண்மீன் வடிவச் செல்கள் தங்கள் சொந்தப் பொருளையே செரித்து அலனினை வெளியேற்றி, புற்றுச் செல்லுக்கு ஊட்டுவதும் 2016-இல் தெரியவந்தது.

அப்படியானால் இரத்தக் குழாய் தேவையே இல்லையா என்று கேட்கலாம். தேவைதான். அல்புமினைச் செய்வது கல்லீரல். கட்டிக்கு அது வந்துசேர இரத்தத்தைவிட்டால் வேறு வழியில்லை. குழாய் கசிவதும் புரதம் வெளியே வர உதவுகிறது. இருக்கிற கொஞ்சத்தையும் அடைத்துவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்துடன், குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்தையும் சேர்த்து 602 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2010-இல் வந்தது: சேர்த்தவர்களுக்கு இடைநிலை ஆயுள் 5.8 மாதம், சேர்க்காதவர்களுக்கு 5.9. பட்டினிக்குப் பழகிய கட்டியைப் பட்டினி போட்டுப் பார்த்தார்கள் என்றே சொல்லத் தோன்றுகிறது. இதே உறுப்பில் எழும் நரம்பு-நாளமில்லாச் சுரப்பிக் கட்டிகளின் கதை வேறு. அவற்றில் குழாய்கள் ஏராளம், ஸ்கேனில் ஒளிரும். குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் சுனிடினிப், அவை மேலும் வளராதிருக்கும் காலத்தை 5.5 மாதத்திலிருந்து 11.4 மாதமாக நீட்டியது.

எதிர்த்திசையிலும் முயன்றார்கள். நார்த் திசுவைக் குறைத்தால் குழாய்கள் பெருகி மருந்து உள்ளே போகும் என்பதை 2009-இல் வந்த எலி ஆய்வு காட்டியது. மனிதர்களிடம் அது பலிக்கவில்லை. 2014-இல் வந்த எலி ஆய்வுகளோ, அந்தத் திசுவை நீக்கினால் கட்டி இன்னும் மூர்க்கமாவதைக் காட்டின. நார்த் திசு வேலி போலவும் இருந்திருக்கிறது. அதனால் சில ஆய்வாளர்களின் கவனம் குழாயைவிட்டு, உணவைச் செரிக்கும் லைசோசோமின் பக்கம் திரும்பியது. மலேரியா மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுவின் லைசோசோமை முடக்கும். கீமோவுடன் அதைச் சேர்த்துக் கொடுத்த சோதனையில், கட்டி சுருங்கியவர்களின் விகிதம் 21-லிருந்து 38 சதவீதமாக உயர்ந்தது. ஓராண்டு உயிர்வாழ்ந்தோர் விகிதம் மட்டும் உயரவில்லை.