பஞ்சு சொல்லும் சாட்சி

கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. ஒரு பாத்திரத்தைத் தண்டிக்க வேண்டுமென்று தோன்றினால், உடனே அவனுக்குக் குஷ்டரோகத்தைக் கொடுத்துவிடுவார்கள். நானும் அந்தக் கோஷ்டியைச் சேர்ந்தவன்தான். பேனாவை ஒரு தரம் உதறினால் போதும், நோய் வந்துவிடும். ஆனால் நிஜ வாழ்க்கையில் "இது குஷ்டம்தான்" என்று சொல்லிவிடுவது அவ்வளவு சுலபமா?

சென்னையிலிருந்து தெற்கே மின்சார ரயிலில் வந்தால், தாம்பரத்துக்குச் சற்று முன்னால் 'தாம்பரம் ஸானடோரியம்' என்று ஒரு நிலையம் வருகிறது. 1928-ல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய ஆஸ்பத்திரியால் வந்த பெயர் அது. 1937-ல் அதை ஸர்க்கார் ஏற்றுக்கொண்டது. அதே பாதையில் செங்கற்பட்டு வரை போனால், பக்கத்திலே திருமணி. அங்கிருந்த லேடி வில்லிங்டன் குஷ்டரோக ஸானடோரியத்தில்தான் 1940-களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் ஸல்போன் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். 1955-ல் இந்திய ஸர்க்கார் அதை எடுத்து மத்திய குஷ்டரோகப் போதனை ஆராய்ச்சி நிலையமாக்கியது. ஒரே ரயில் பாதையில் இரண்டு நோய்கள். அவற்றின் கிருமிகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்!

இவற்றோடு மூன்றாவதாக ஒன்று வந்து குழப்புகிறது. அதற்கு 'லூபஸ்' என்று பெயர். லத்தீன் மொழியில் ஓநாய் என்று அர்த்தம். முகத்தை ஓநாய் கடித்தாற்போல் புண்ணாக்குவதால் அந்தப் பெயர். அந்தக் காலத்து வைத்தியர்கள் தோலில் வரும் காசநோயையும் லூபஸ் என்றார்கள். இன்று நாம் லூபஸ் என்று சொல்வது வேறு. அதில் கிருமி கிடையாது. உடலைக் காக்க வேண்டிய சக்தியே உடலைப் பகைவனென்று எண்ணித் தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிறது என்பார்களே, அந்தக் கதைதான்.

முகத்தில் சிவப்புத் தடிப்பு, காய்ச்சல், மூட்டு வலி. இவை லூபஸிலும் வரும். குஷ்டரோகம் சீறிக் கிளம்பும் சமயத்திலும் வரும். சரி, ரத்தத்தைப் பார்த்துத் தீர்மானித்துவிடலாமே என்பீர்கள். 1948-ல் அமெரிக்காவில் டாக்டர் ஹார்கிரேவ்ஸ் முதலானோர் லூபஸுக்கு அடையாளமாக ஒரு விசித்திரமான அணுவைக் கண்டறிந்த பிறகு, பல ரத்தப் பரிசோதனைகள் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் சில, குஷ்டரோகியிடமும் 'ஆம்' என்று பொய்ச் சாட்சி சொல்லிவிடுகின்றன!

பொய் சொல்லாத சாட்சி எது? ஒரு துளிப் பஞ்சு. நோயாளியின் கண்களை மூடச் சொல்லித் தேமலின் மேல் பஞ்சால் மெல்லத் தொடுகிறார் வைத்தியர். தொட்டது தெரியவில்லையென்றால் அது குஷ்டத்தின் அடையாளம். லூபஸ் தடிப்பில் பொதுவாக உணர்ச்சி போவதில்லை. அடுத்து, முழங்கையின் பின்புறத்திலும் கழுத்திலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார். ஆனால் முகத்துத் தேமலிலும், கிருமி மிகுந்த வகையிலும் பஞ்சு ஏமாற்றிவிடக் கூடும். அப்போது காது மடலில் இலேசாகக் கீறிச் சுரண்டி எடுத்து, பூதக்கண்ணாடியில் கிருமியைத் தேடுகிறார்கள். 1873-ல் நார்வே தேசத்து ஹான்ஸன் கண்டுபிடித்த கிருமிதான் அது.

தவறினால் என்ன ஆகும்? குஷ்டத்தை லூபஸ் என்று நினைத்து ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால், வீக்கமும் வலியும் தணியும், நோயாளியும் கும்பிடுவார். உள்ளேயோ கிருமி பெருகிக்கொண்டே இருக்கும். கை விரல்கள் மடங்கிப் போகும். லூபஸைக் குஷ்டம் என்றாலோ, சிறுநீரகம் கெடுகிற வரையில் சரியான சிகிச்சை கிடைக்காது. போதாததற்கு ஒரு பெண் தன் வீட்டையும் இழப்பாள்.

வீட்டை இழப்பது வெறும் கற்பனை அல்ல. ஏழைக் குஷ்டரோகிகளைப் பிடித்து அடைத்து வைக்க 1898-ல் போட்ட சட்டம் 2016-ல்தான் ரத்தாயிற்று. விவாகரத்துக்கு இந்த நோய் ஒரு காரணம் என்ற விதி 2019 வரை இருந்தது. ஆனால் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார ஸ்தாபனம் சிபாரிசு செய்தது 1981-ல்! ஆறு மாதமோ ஒரு வருஷமோ மாத்திரை சாப்பிட்டால் தீர்ந்துபோகிற நோய்க்கு, சட்டம் மட்டும் ஆயுள் தண்டனை விதித்துக்கொண்டிருந்தது.

இனிமேல் என் கதையில் யாருக்காவது குஷ்டரோகம் வருவதானால், முதலில் பஞ்சு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவேன். அடுத்த அத்தியாயத்திலேயே குணமாக்கியும் விடுவேன்.