கதிராமங்கலத்துக் கிணற்று நீர்

தேஹு ரோட்டில் நம் வீடுகளுக்குக் கீழே இருப்பது கருங்கல் பாறை. அதன் வெடிப்புகளில்தான் தண்ணீர் ஓடும். எங்கள் ஊர்ப்பக்கம் அப்படியல்ல, மணலும் களியும் மாறிமாறிக் கிடக்கும். தஞ்சை மாவட்டத்துக் கதிராமங்கலம் எங்களுக்கு அடுத்த ஊர். கம்பருக்காக வனதுர்க்கை நெற்கதிரால் கூரை வேய்ந்ததால் 'கதிர்வேய்ந்த மங்கலம்' ஆயிற்று என்பார்கள்.

அங்கே 2017 ஜூன் 30 அன்று ஓ.என்.ஜி.சி. குழாய் உடைந்து கச்சா எண்ணெய் வயலில் பரவியது. மக்கள் திரண்டார்கள், தடியடி, கைது எல்லாம் நடந்தது. குடிநீரின் நிறமே மாறிவிட்டது என்றனர் ஊரார். நிலத்தடி நீருக்குக் கேடில்லை என்றது நிறுவனம். என் அத்தை போனில் கேட்டார்: "ஏம்ப்பா, படிச்சவன்தானே நீ, இந்தத் தண்ணியக் குடிக்கலாமா வேணாமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கண்ணை உறுத்துவது எண்ணெய். ஆனால் அது மண்ணில் ஒட்டும், நீரில் மிதக்கும். அமெரிக்காவில் பெமிட்ஜி என்ற ஊருக்கருகே 1979-இல் குழாய் உடைந்த இடத்தை 1983 முதல் ஆராய்ந்தவர்கள், நுண்ணுயிர்கள் எண்ணெய்ப் பொருள்களைத் தின்று பரவலை மட்டுப்படுத்துவதைக் கண்டார்கள். எண்ணெயோடு ஆழத்திலிருந்து ஏறிவரும் உப்புநீர் வேறு ரகம். சில இடங்களில் அது கடல்நீரையும் மிஞ்சும் உப்பு. அதிலுள்ள குளோரைடை எந்த நுண்ணுயிரும் தின்னாது. தண்ணீர் போகும் இடமெல்லாம் கூடவே போகும்.

எவ்வளவு வேகமாகப் போகும்? 1856-இல் பிரான்சின் ஹென்றி டார்சி தந்த விதிதான் இன்றும் அடிப்படை. மணலின் நீர்கடத்து திறன் நாளுக்கு 10 மீட்டர், நீர்மட்டச் சரிவு ஆயிரத்துக்கு ஒன்று, மணலில் கால்பங்கு இடைவெளி என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சுமார் 15 மீட்டர். 150 மீட்டர் தள்ளியிருக்கும் கிணற்றுக்குப் பத்தாண்டு கழித்துத்தான் உப்பு வந்து சேரும்! வயலைச் சுத்தம் செய்தவர்கள் அதற்குள் மாற்றலாகிப் போயிருப்பார்கள். நடுவில் ஒருவர் போர் போட்டு மோட்டாரை ஓட்டினால் திசையே திரும்பிவிடும்.

இதிலும் ஒரு சிக்கல். கடலோர டெல்டாவில் சில இடங்களில் இயல்பாகவே உப்புநீர் உண்டு. கசிவுக்கு முன்னால் அளந்து வைத்த கணக்கு இல்லையென்றால், எது பழைய உப்பு, எது புதுசு என்று ஊராராலும் காட்ட முடியாது, நிறுவனத்தாலும் மறுக்க முடியாது. 2020-இல் வந்த வேளாண் மண்டலச் சட்டம் புதிய கிணறுகளைத் தடுத்தது, இருந்தவற்றைத் தொடவில்லை.

அத்தையிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: வருஷா வருஷம் சித்திரையில் குடிநீர் வாரிய ஆய்வுக்கூடத்தில் கொடுத்து குளோரைடு பாருங்கள். லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை சரி என்கிறது இந்தியத் தரம். எண் 250-க்குக் கீழே இருந்தாலும் ஏறிக்கொண்டே போனால் எனக்கு போன் போடுங்கள்.

பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதி வைக்கிறார். போன வருஷம் பஞ்சாங்கம் மாற்றியபோது பழைய எண்களையும் புதியதில் பார்த்து எழுதிக்கொண்டாராம்.