ஒழுகும் கூரைக்கு யார் பிணை

முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், உத்திரமேரூர்ச் சபையார் கல்லில் வெட்டுவித்த குடவோலை விதிகளில், வாரியத்துக்குப் பெயர் எழுதப்படுபவர் கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் உடையவராக இருப்பதோடு, சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும் இருக்கவேண்டும் என்றொரு நிபந்தனை உண்டு. அவ்வீடுகளின் கூரை எதனால் ஆனது என்பதைக் கல்வெட்டு சொல்வதில்லை. ஆயினும் கட்டியது கெட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வியைச் சோழர் காலத்தார் எதிர்கொண்ட முறை தெளிவாகவே தெரிகிறது. கட்டுமானம் பழுதாகாது என்று அவர்கள் உறுதி கூறவில்லை; பழுதாகும் என்பதை ஒப்புக்கொண்டு, அதைச் சரிசெய்ய வருவாயையும் ஆளையும் முன்னதாகவே ஒதுக்கினார்கள். கோயிலில் சிதைந்ததைப் புதுப்பிப்பதற்கென விடப்பட்ட நிலம் 'புதுக்குப்புறம்' எனப்பட்டது. உத்திரமேரூரின் ஏரியைப் பேண ஆறு பேர் கொண்ட ஏரி வாரியம் இருந்தது. நந்தா விளக்குக்கு நெய் அளிக்க விடப்பட்ட 90 அல்லது 96 ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறித்ததும் இதே சிந்தனையில்தான்: செத்த ஆட்டுக்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து எண்ணிக்கை குறையாமல் வைத்திருப்பது பெற்றுக்கொண்ட இடையரின் கடமை என்பது அதன் பொருள். வாரண்டிப் பத்திரம் எழுதுவோருக்கு இவ்வளவு சுருக்கமான வாசகம் இன்னும் அகப்படவில்லை.

எளியோரின் மண்சுவர் வீடுகளில் இக்கணக்கு இன்னும் வெளிப்படையானது. பனையோலையோ வைக்கோலோ போட்ட கூரை சில மழைக்காலங்களுக்கு மேல் தாங்காது என்பது மேய்பவருக்கும் வீட்டுக்காரருக்கும் ஒருசேரத் தெரிந்திருந்ததால், ஐப்பசி அடைமழைக்கு முன் பிரித்து மேய்வது ஆண்டு வேலைகளுள் ஒன்றாயிற்றே தவிர, ஒழுகல் ஒருவருடைய குற்றமாகப் பெரிதும் கருதப்படவில்லை. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டு ஆலையைத் தொடங்கிய பின் பரவிய சீமை ஓடுகளில் தயாரித்தவரின் பெயர் அச்சாகியிருந்தது. அது உறுதிமொழி அன்று என்றாலும், செய்தவரின் பெயர் கூரையில் ஏறியது அப்போதுதான்.

வசதி படைத்தோர் கட்டிய மெட்ராஸ் தளம் வேறு வகை. மர உத்திரங்களின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் குத்துவாட்டாக, மூலைவாக்கில் அடுக்கி, அது இறுகியதும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்தபடி, வரிசையாக அமர்ந்த பெண்கள் மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடிப்பார்கள். அடித்த கட்டை துள்ளி எழும் அளவுக்குத் தளம் இறுகிய பிறகே, நீர் வழிய வாட்டம் வைத்துத் தட்டோடு பதிப்பார்கள். அடி குறைந்தால் தளம் விரியும். அதை வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்தே அறியலாம் என்பதால், இத்தளத்துக்கான உறுதி வேலைக்குள்ளேயே இருந்தது.

கான்கிரீட் அந்த வசதியைப் பறித்துவிட்டது. கம்பிக்குக் கீழே கலவை எத்தனை கனம் மூடியிருக்கிறது, தளத்தில் எத்தனை நாள் தண்ணீர் கட்டினார்கள் என்பவை பூச்சு முடிந்ததும் கண்ணுக்கு மறைந்து, ஆண்டுகள் கழித்துத் துருவாகவும் ஓதமாகவுமே வெளிப்படுவதால், காலவரம்பு குறித்த எழுத்துறுதி தேவைப்பட்டது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சுக்குத் தரப்படும் உறுதியில் பொருளுக்கான பொறுப்பும் வேலைக்கான பொறுப்பும் வெவ்வேறு. முதலாவது மட்டும் இருந்தால், பூசியவரின் பிழைக்கு நிறுவனம் பதில் சொல்லாது. 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டை ஒப்படைத்த ஐந்து ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையைக் கட்டி விற்றவர் 30 நாட்களுக்குள் செலவின்றிச் சீர்செய்யவேண்டும் என்கிறது. ஆனால் அது கட்டி விற்போரைப் பற்றியது. உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்தில் சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுபவரோ, குடிசையைக் கான்கிரீட் வீடாக்க 2010இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம் போன்றவற்றில் தவணையாக மானியம் பெற்றுத் தாமே கட்டிக்கொள்பவரோ அதற்குள் அடங்குவதில்லை.

அவர்களுக்கு எஞ்சுவது நுகர்வோர் ஆணையம். வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டம் கூறும் 'சேவை'யே என்பதை உச்ச நீதிமன்றம் 1993இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உறுதிப்படுத்தியது. அங்கே முதலில் கேட்கப்படுவது எழுத்தும் ரசீதும். சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சில் முடித்தவரிடம் அவை பெரும்பாலும் இருப்பதில்லை, இத்தனைக்கும் கணக்குக் காட்டாதவரையும் அவருடைய நெருங்கிய உறவினரையும் வாரியத்துக்கு வரவிடாத விதியைக் கல்லில் எழுதிவைத்த ஊர் உத்திரமேரூர்.