படுக்கைப் புண் யார் குற்றம்?

இடுப்பெலும்பு உடைந்து என் பாட்டி இரண்டு மாதம் முன்பு ஒரு மருத்துவமனையில் 11 நாள் படுத்திருந்தார். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் இடுப்புக்குப் பின்னால், வால் எலும்புக்கு மேலே தோல் சிவந்து, கறுத்து, கடைசியில் குழியாகவே போய்விட்டது. படுக்கைப் புண். பெருங்குடிக்கு வீடு வந்து சேர்வதற்குள் காரிலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. அத்தை நர்ஸ்களைத் திட்டினார். அப்பாவோ, "வயசான உடம்பு, வரத்தான் செய்யும்" என்றார். நான் பி.காம். படிக்கிறவன் அல்லவா, பில்லைப் பார்த்தேன். புண்ணுக்குக் கட்டுப் போட்டதற்கு ஒரு தொகை இருந்தது. புரட்டிப் படுக்க வைத்ததற்கு என்று எதுவும் இல்லை.

பிறகு தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது, அத்தையும் அப்பாவும் போட்டது 150 வருடத்துக்கும் மேலான பழைய சண்டை!

அத்தை கட்சிக்குத் தலைவி ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல். 1859-ல் வந்த தன் செவிலியர் குறிப்புகளில், படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் அது நோயின் குற்றமல்ல, பராமரிப்பின் குற்றம் என்று எழுதிவிட்டார். சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871-ல் செவிலியர் பயிற்சி தொடங்கிய காலமும் ஏறக்குறைய அதுதான்.

அப்பா கட்சியில் பாரிஸின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோ இருந்தார். நரம்பு கெட்டதால் தோல் தானே அழிகிறது, தடுக்க முடியாது, புண் வந்தால் சாவு நெருங்குகிறது என்பது அவர் கருத்து. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன்பே 1850-களில் பிரௌன் செக்கார் என்பவர் தண்டுவடம் துண்டித்த கினிப் பன்றிகளை அழுத்தமும் ஈரமும் படாமல் வைத்து, புண் வராததைக் காட்டியிருந்தார். ஆனால் ஷார்கோ பெரிய ஆள். அவர் சொன்னதே நின்றது. எப்படியும் வரும் என்றால் யார் எழுந்து போய்ப் புரட்டுவார்கள்? முதல் உலகப் போரில் முதுகுத்தண்டில் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் செத்தார்கள்.

1944-ல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மான் பொறுப்பேற்றார். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூத மருத்துவர். அவர் போட்ட உத்தரவு ரொம்பச் சாதாரணமானது: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், ஒவ்வொருவரையும் புரட்ட வேண்டும். சாகக் கிடந்தவர்கள் பிழைத்து, 1948-ல் அங்கேயே விளையாட்டுப் போட்டியில் அம்பு எய்தார்கள். பாராலிம்பிக்ஸ் அங்கிருந்து வந்ததுதான்.

இதன் இன்னொரு பாதி நம் வேலூரில் நடந்தது. கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946-ல் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதத்தில் புண் வருவது சதை கெட்டதால் அல்ல, வலி தெரியாமல் ஒரே இடத்தில் அழுத்தம் விழுவதால்தான் என்று காட்டினார். யோசித்துப் பாருங்கள். வகுப்பில் ஒரு மணி நேரத்தில் நாம் எத்தனை தடவை நெளிகிறோம்! தூக்கத்திலும் புரள்கிறோம். அதைச் செய்ய முடியாதவருக்கு வேறொருவர் கை வேண்டும். அதே சி.எம்.சி.யின் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையமும் எழுந்தது.

அப்படியானால் அத்தை ஜெயித்துவிட்டாரா? அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

நர்ஸ்களுக்குத் தெரியவில்லை என்று சொல்வது சுலபம். சில விஷயம் தெரியவில்லைதான். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடுவதும் நடுவில் ஓட்டை உள்ள காற்று வளையமும் கெடுதல் என்று இன்றைய வழிகாட்டிகள் சொல்கின்றன, பழக்கம் போகவில்லை. பெல்ஜியத்தில் 14 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2011-ல் வெளிவந்தது. நர்ஸ்களின் அறிவு மதிப்பெண் சராசரியாகப் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆனால் நோயாளிக்குத் தடுப்பு கிடைத்ததா என்பதோடு ஒத்துப்போனது அறிவு அல்ல, மனப்பான்மை. அயர்லாந்தில் 2004-ல் வெளியான ஆய்வில் மனப்பான்மையும் நன்றாகவே இருந்தது. குறுக்கே நின்றது நேரமும் ஆள் பற்றாக்குறையும்.

நான் ஒரு கணக்குப் போட்டேன். வார்டில் தானாகப் புரள முடியாதவர் 10 பேர். ஒரு நாளைக்கு 12 தடவை. தடவைக்கு இரண்டு பேர், ஐந்து நிமிடம். மொத்தம் 20 மணி நேர உழைப்பு! இரண்டரை ஷிஃப்ட், புரட்டுவதற்கு மட்டும். இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் வேண்டும். பாட்டி வார்டில் ராத்திரி நான் பார்த்தது இரண்டே பேர், கட்டில்கள் 26. "கூட இருக்கிறவங்களே கொஞ்சம் திருப்பி விடுங்க" என்று ஒரு சிஸ்டர் முதல் நாளே சொன்னார். எப்படித் திருப்புவது என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை, காட்ட அவருக்கு நேரமில்லை.

இப்போது வீட்டில் ஃப்ரிட்ஜ் மேல் அட்டவணை ஒட்டியிருக்கிறோம். இரவு 2 மணியும் 4 மணியும் என் முறை. இதுவரை மூன்று தடவை தூங்கிப் போய்விட்டேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.